பன்றியின் மரபணு பேரப்பிள்ளைகளுக்கு வருமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பாலக்கோடு பக்கம். என் கணவருக்கு 39 வயது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் தருமபுரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, காரணம் தெரியவில்லை என்றார்கள். 57 வயதாகும் என் மாமியார் தன் கிட்னியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவர் ஓ குரூப், கணவர் பி குரூப். ஆனால் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘அம்மாவை அறுக்க வேண்டாம், அமெரிக்காவில் மரபணு மாற்றிய பன்றியின் கிட்னியை வைக்கிறார்கள், ரெண்டு வருசத்தில் இங்கேயும் வந்துவிடும்’ என்கிறார். மாமியாருக்கு வேறு பயம். பன்றியின் மரபணு மகன் உடம்பில் கலந்து பேரப்பிள்ளைகள் வரை வந்துவிடுமோ, நாடாப்புழு, பன்றிக் காய்ச்சல் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமோ என்கிறார். எங்களுக்கு ஒரு பெண், ஒரு பையன். அந்தப் பன்றிகள் பாதுகாப்பானவையா? காத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். படித்தவர்கள் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்.

சந்தூர் பக்கம் நர்சரிகளில் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவதை அவர் பார்த்திருப்பார். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த செடியின் தலையைச் சீவிவிட்டு, அதில் மல்கோவாக் குச்சியைச் செருகிக் கட்டுவார்கள். இரண்டும் ஒட்டி ஒரே மரமாகி, ஒரே வேரில் தண்ணீர் குடிக்கும். ஆனால் இருபது வருடம் கழித்தும் கீழே இருப்பது நாட்டு மரம்தான், மேலே காய்ப்பது மல்கோவாதான். ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் விட்டால் நாட்டு இலையாகத்தான் விடும். உறுப்பு மாற்றமும் அப்படித்தான். வைக்கிற கிட்னியின் செல்களுக்குள் பன்றியின் மரபணு இருக்கும், உங்கள் கணவரின் செல்களுக்குள் அவருடைய மரபணு இருக்கும். ஒரே ரத்தம் இரண்டு வழியாகவும் ஓடும், ஆனால் ஒன்றின் மரபணு இன்னொன்றில் போய்க் கலக்காது. அப்பாவின் மரபணு குழந்தைக்குப் போவது விந்தணு வழியாக. அடிவயிற்றில் வைக்கும் கிட்னிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. தவிர, உங்கள் பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். இனிமேல் அப்பாவுக்கு எந்தக் கிட்னியை வைத்தாலும் அவர்களுடைய மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாது.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வைத்த கிட்னியில் சாகும் செல்களிலிருந்து மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் வந்து மிதக்கும். மனிதக் கிட்னி வைத்தாலும் மிதக்கும், பன்றிக் கிட்னி வைத்தாலும் மிதக்கும். அவை சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அந்தத் துணுக்குகள் திடீரென்று கூடினால் கிட்னி அடிபடுகிறது என்று பொருள். அதை அளந்தே, உடம்பு புதுக் கிட்னியை ஏற்க மறுத்துத் தாக்கும் நிராகரிப்பை முன்கூட்டிக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கு உதவுகிற துணுக்குகள் அவை.

‘பன்றி’ என்ற சொல்லைக் கேட்டதும் வரும் அருவருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன மாதம் எங்கள் டயாலிசிஸ் வார்டில், அரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், சிஸ்டர் சிரிஞ்சில் ஹெபாரின் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே, “ஒவ்வொரு தடவையும் இதைப் போடறீங்களே, இது எதுல செய்யறது?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடறோம். பெரும்பாலும் பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கறது” என்றேன். அவர் டயாலிசிஸ் ஊசி குத்தும் தன் ஃபிஸ்டுலா கையைப் பார்த்தார், சுழலும் பம்ப்பைப் பார்த்தார். “மூணு வருசமா உள்ள போயிட்டுத்தான் இருக்கு, சரி போடுங்க சிஸ்டர்” என்று கண்ணை மூடிக்கொண்டார். உங்கள் கணவருக்குப் போடுவதும் அநேகமாக அதே மருந்துதான். ஆனால் ஹெபாரின் சுத்திகரித்து வருகிற மருந்து. உயிருள்ள கிட்னியை அதோடு சமமாக வைத்துப் பேசக் கூடாது. உயிருள்ள உறுப்பு என்றால் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. அவற்றைத்தான் இனி சொல்கிறேன்.

முதலில், பன்றியில் எதை மாற்றுகிறார்கள்? நமக்கும் பன்றிக்கும் பெரிய தடையாக நிற்பது ஒரு சர்க்கரை. பன்றியின் ரத்தக் குழாய்ச் சுவர் முழுக்க ‘ஆல்ஃபா-கால்’ என்ற சர்க்கரைப் பொருள் ஒட்டியிருக்கிறது. மனிதனிடம் அது இல்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேல் இருப்பதால், கைக்குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் நம் ரத்தத்தில் உருவாகிவிடுகிறது. மாற்றம் செய்யாத பன்றிக் கிட்னியை வைத்தால், சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ ரத்தம் உறைந்து அது கருத்துப்போகும். அதனால் அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவையும், அதேபோன்ற வேறு இரண்டையும் வெட்டி எடுக்கிறார்கள். நம் நோய் எதிர்ப்பாற்றலைச் சாந்தப்படுத்தவும், ரத்தம் உறையாமல் தடுக்கவும் சில மனித மரபணுக்களைச் சேர்க்கிறார்கள். ரெவிவிகோர் நிறுவனத்தின் பன்றியில் மொத்தம் 10 மாற்றங்கள்: 4 பன்றி மரபணுக்கள் நிறுத்தம், 6 மனித மரபணுக்கள் சேர்ப்பு. நிறுத்தியவற்றில் ஒன்று வளர்ச்சி ஹார்மோனின் செய்தியை வாங்கும் ஏற்பிக்கானது, மனித உடம்புக்குள் உறுப்பு அளவு மீறி வளராமல் இருக்க. ஈஜெனிசிஸ் நிறுவனத்தின் பன்றியில் 69 மாற்றங்கள். ஏன் அவ்வளவு என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வெட்டும் வேலையே பாதுகாப்பானதா என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். கிரிஸ்பர் என்ற கத்தரி, குறித்த இடத்தை விட்டுவிட்டு அதைப்போலவே இருக்கும் வேறோர் இடத்தையும் வெட்டிவிடலாம். சரியான இடத்திலேயே வெட்டினாலும், நினைத்ததைவிட நீளமான துண்டு காணாமல் போகலாம். இது உண்மையான ஆபத்து. ஆனால் நோயாளியின் உடம்புக்குள் கத்தரியை விடுவதும் இதுவும் ஒன்றல்ல. கத்தரி உங்கள் கணவரின் உடம்புக்குள் வரவே வராது. ஆய்வகத் தட்டில் வளரும் பன்றிச் செல்களில் வெட்டுகிறார்கள். அதிலிருந்து ஒரு செல்லைத் தேர்ந்து, அதன் மரபணு முழுவதையும் படித்துப் பார்க்கிறார்கள். பிழை இருந்தால் அந்தச் செல்லை அங்கேயே தள்ளிவிடலாம். சரியாக இருந்தால்தான் அதன் உட்கருவை ஒரு முட்டைக்குள் வைத்து, தாய்ப் பன்றியின் கருப்பையில் வளர்க்கிறார்கள். டாலி ஆடு பிறந்த அதே குளோனிங் முறை. பிறந்த பன்றி மாதக்கணக்கில் தின்று, ஓடி, வளர்கிறது. அதன் கிட்னி அதற்குள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதும் ஒரு சோதனைதான்.

ஆக, கத்தரிப் பிழையால் நோயாளிக்கு ஆபத்து என்ற பயம் எனக்குக் குறைவு. நிம்மதி இல்லாத இடம் வேறு. சேர்த்த மனித மரபணுக்கள் எல்லாச் செல்லிலும் ஒரே அளவில் பேசுவதில்லை. நாள் போகப் போகச் சில மௌனமாகவும் கூடும். அப்படி ஆனால் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு கிட்னியைத் தாக்கும். மனிதக் கிட்னியிடம் நாம் பதினைந்து, இருபது வருடம் எதிர்பார்க்கிறோம். இந்தப் பன்றிக் கிட்னிகள் மனித உடம்பில் வேலை செய்த காலத்தை நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் வைரஸ். நாடாப்புழுவைப் பற்றி மாமியார் கவலைப்படவே வேண்டாம். அது சாக்கடையில் மேயும் தெருப்பன்றியின் சங்கதி. உறுப்புக்காக வளர்க்கும் பன்றிகள் மண்ணையே மிதிப்பதில்லை. வடிகட்டிய காற்று, சுத்திகரித்த தண்ணீர், குளித்து உடைமாற்றி உள்ளே போகும் வேலையாட்கள். பன்றிக் காய்ச்சலுக்கும் இதே பதில்தான்.

அத்தனை கட்டுக்காவலையும் மீறி ஒரு வைரஸ் உள்ளே வந்த கதை உண்டு. 2022 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்கு, 10 மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தை வைத்தார்கள். இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். 20ஆம் நாள் எடுத்த ரத்தத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸின் தடயம் தெரிந்தது. பன்றியை முன்பே சோதித்திருந்தார்கள். ஆனால் மூக்கிலிருந்து எடுத்த சளியில்தான் தேடியிருந்தார்கள். வைரஸோ சத்தமில்லாமல் உறுப்புகளுக்குள் பதுங்கியிருந்தது. அது மனிதச் செல்லைத் தொற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் வைத்த இதயம் பழுதானதில் அதற்குப் பங்கிருக்கலாம் என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள். பபூன் குரங்குகளில் இந்த வைரஸ் இருந்த பன்றி இதயங்கள் சீக்கிரமே செயலிழந்தன என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி.

என் தொழிலில் இந்த ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ‘நெகட்டிவ்’ என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், எங்கே, எப்படித் தேடினார்கள் என்று கேட்காமல் அதற்கு அர்த்தமே கிடையாது. இப்போது ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கிறார்கள், நுட்பமான முறைகளில் வைரஸைத் தேடுகிறார்கள், குட்டிகளை அறுவை மூலம் எடுத்துத் தாயிடமிருந்து பிரித்து வளர்க்கிறார்கள். இந்த வைரஸ் வெளியிலிருந்து வருவது. தடுக்க முடியும்.

தடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பன்றியின் மரபணுவுக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டுவிட்ட ரெட்ரோ வைரஸ்கள். ‘பெர்வ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எவ்வளவு சுத்தமான அறையில் வளர்த்தாலும் ஒவ்வொரு குட்டியும் அதோடுதான் பிறக்கும். 1997இல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர், ஆய்வகத்தில் இந்த வைரஸ் மனிதச் செல்லையும் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். ரெட்ரோ வைரஸின் குணம், தொற்றிய செல்லின் மரபணுவுக்குள் தன்னை எழுதிவைத்துவிடுவது. அதாவது, உங்கள் மாமியார் பயப்படுகிற ‘கலப்பு’ நடக்க வாய்ப்புள்ள ஒரே வாசல் இதுதான். அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

நடந்திருக்கிறதா? பன்றியின் உயிருள்ள திசுக்களால் சிகிச்சை பெற்ற 160 பேரைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்டார்கள். ஒருவரிடமும் தொற்று இல்லை. அண்மையில் உறுப்பு பெற்றவர்களிடமும் கண்டறியப்படவில்லை. அப்படியும் வேரோடு அறுக்க நினைத்தவர்கள் ஹார்வர்டின் ஜார்ஜ் சர்ச் குழுவினர். 2015இல் ஆய்வகச் செல்களில் 62 பெர்வ் பிரதிகளைக் கிரிஸ்பரால் முடக்கினார்கள். 2017இல் பெர்வ் முடக்கப்பட்ட பன்றிக்குட்டிகள் பிறந்தன. ஈஜெனிசிஸின் 69 மாற்றங்களில் 59 இதற்காகச் செய்தவைதான். ரெவிவிகோர் நிறுவனம் அதைத் தொடவில்லை. நோயாளியிடம் ஒருமுறைகூடத் தெரியாத ஆபத்துக்காக மரபணுவை 59 இடத்தில் வெட்டுவது தேவையா என்பது அந்தப் பக்கத்து வாதம். ஒரே நேரத்தில் அத்தனை வெட்டு விழுந்தால் செல்கள் தாங்குவதில்லை. ஆரம்பத்தில் வெட்டிய செல்கள் வளரவே மறுத்தன. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், நோயாளியின் எதிர்ப்பாற்றலை ஆயுள் முழுக்க மருந்தால் அடக்கிவைக்கப் போகிறோம் என்பதால், முடக்கிய பன்றியே மேல் என்பேன்.

இனி உங்கள் கணவரிடம் பேச வேண்டியது. இந்த வார்த்தைகளை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, அமெரிக்காவில் பன்றிக் கிட்னி வைக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்பவருக்கு வைத்த பன்றிக் கிட்னி மேசையிலேயே இளஞ்சிவப்பாகிச் சிறுநீர் விட்டது. நான் பயிற்சியில் இருந்தபோது, தாய் மகனுக்குக் கொடுத்த கிட்னியில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஐஸில் வெளிறிப்போய்ச் சில்லென்று கிடந்தது, கிளாம்ப்பை எடுத்ததும் ஓரத்திலிருந்து சிவப்பு பரவி விம்மியது, சற்று நேரத்தில் குழாய் நுனியில் ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. அதை ஒரு பன்றியின் கிட்னி செய்தது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் ஸ்லேமன் இரண்டு மாதத்தில் இதயக் கோளாறால் இறந்தார், கிட்னியால் அல்ல. நியூயார்க்கில் லிசா பிசானோவுக்கு வைத்ததை 47 நாளில் எடுத்துவிட்டார்கள். டோவானா லூனிக்கு 130 நாள் நன்றாக ஓடியது. வேறொரு தொற்று வந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்ததும் நிராகரிப்பு வந்தது, எடுக்க வேண்டியதாயிற்று. டிம் ஆண்ட்ரூஸுக்கு 271 நாள். இவர்கள் முன்னால் நடந்து வழிகாட்டுகிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் 57 வயது அம்மாவின் ரத்த குரூப் ஒத்துப்போகிற கிட்னி வீட்டிலேயே இருக்கும்போது, நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலேயே 2025இல்தான் முறையான மருத்துவ ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் எந்த மருத்துவமனையிலும் இது சிகிச்சையாகக் கிடையாது. 1997இல் அசாமில் தனிராம் பரூவா என்ற மருத்துவர் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தை வைத்தார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார், மருத்துவர் கைதானார். நாளைக்கு யாராவது ‘பன்றிக் கிட்னிக்குப் பதிந்து வைக்கிறேன், முன்பணம் கொடு’ என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முறையாக வந்தாலும், அதை ஏற்பவர் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும், ரத்த தானம் செய்யக் கூடாது, அவருடைய ரத்த மாதிரிகளைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைப்பார்கள். அதற்கெல்லாம் குடும்பமும் மனதளவில் தயாராக வேண்டும்.

டயாலிசிஸில் காத்திருப்பது சும்மா உட்கார்ந்திருப்பது போல அல்ல. வருடம் கூடக் கூட இதயமும் ரத்தக் குழாய்களும் தேயும். சீக்கிரம் கிட்னி வைத்தவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். அம்மாவை அறுக்கிறார்களே என்ற வேதனை எனக்குப் புரிகிறது. தானம் கொடுப்பவருக்கு அறுவையில் உயிராபத்து பத்தாயிரத்தில் ஏறக்குறைய 3 பேருக்கு. சிறு துளைகள் வழியாகவே எடுக்கிறார்கள், சில நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் அவர் தகுதியானவர்தானா என்பதை உங்கள் பிடிவாதமோ அவருடைய பாசமோ முடிவு செய்யக் கூடாது. பரிசோதனை முடிவு செய்யட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிடி ஸ்கேன் எல்லாம் பார்த்து, அவருக்கு ஆபத்து என்றால் நாங்களே வேண்டாம் என்போம்.

சகோதரி, ஓ குரூப்பிலிருந்து பி குரூப்புக்குக் கொடுக்கலாம், தடையில்லை. தாய் என்பதால் சட்டப்படி நெருங்கிய உறவு, அனுமதி வாங்குவதும் எளிது. சேலம் அரசு மருத்துவமனையிலேயே கிட்னி மாற்று நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. கூடவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலிலும் கணவர் பெயரைப் பதிந்துவிடுங்கள். வாரம் மூன்று முறை பஸ்ஸில் அலைவது முடியவில்லை என்றால், அதுவரை வீட்டிலேயே பை மாற்றும் வயிற்று டயாலிசிஸ் அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். 2021இல் நம் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன.

இன்னொன்று மிக முக்கியம். ரத்தம் குறைவு என்று யாராவது ரத்தம் ஏற்றச் சொன்னால், வேறு வழி இல்லையா என்று கட்டாயம் கேளுங்கள். இரும்புச் சத்து ஊசியும், ரத்த அணுக்களைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசியும் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றும்போதும் அந்நியத் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கூடலாம். அவை நாளைக்கு அம்மாவின் கிட்னியையும் எதிர்க்கலாம். அவற்றில் சில பன்றியின் திசுவையும் அடையாளம் கண்டு எதிர்க்கக் கூடியவை.

கடைசியாகப் பிள்ளைகள். அவர்களுடைய மரபணுவைப் பற்றிக் கவலைப்படுவதென்றால், பன்றியை விட்டுவிட்டு அப்பாவின் நோயைப் பாருங்கள். 37 வயதிலேயே காரணம் தெரியாமல் இரண்டு கிட்னியும் சுருங்கியிருக்கின்றன. அது பரம்பரையாக வரும் நோயா என்று யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அப்படி இருந்தால் மாமியாரின் தானத்தையும் அது பாதிக்கும். கணவரின் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இரு வீட்டிலும் கிட்னியாலோ சின்ன வயதில் ரத்த அழுத்தத்தாலோ இறந்தவர்கள் யார் யார் என்ற விவரம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிட்னி டாக்டரிடம் போங்கள். மாமியாரையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை ஆளுக்கொரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி எடுத்துப் போனால் அன்றைக்கே புரதம் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்; ‘சின்னப் பிள்ளைக்கு எதற்கு’ என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள்.